ஊத்தறது ராக்கியண்ணன் இல்லீங்க

கரும்பு இந்தப் பக்கம் வந்த புதுசுல, மோட்டாரும் இல்ல கரண்டும் இல்ல, ரெண்டு மாட்டைக் கட்டிச் சுத்தி வந்து ஆலை ஆட்டுன காலத்துல, இதே ஊஞ்சப்பாளையத்துல ராக்கியண்ணன் ராக்கியண்ணன்னு ஒருத்தரு இருந்தாராமா. இருந்தாராமான்னுதான் சொல்லோணும். நான் பாத்தனா? என்னப் பெத்தவ பாத்தாளா? காதுல வாங்கினதை வாயில விடறேன்.

நீங்க வெங்காயத்தை உரிங்க மாப்ளே, கை நிக்கக் கூடாது. கெடாய்க்கறி வேகறதுக்குள்ள கதை முடிஞ்சுபோகும். கேட்டீங்களல்ல, "ஏனுங்கத்தே, முனியப்பன் கோயல் கல்லுல கரும்புப்பால் ஊத்தறவியல்லாம் ஒரு பேரைச் சொல்லி, அவரு இல்லீங்கன்னு சொல்றாங்களே, ஆரு அவரு"ன்னு? கேட்டதுக்குப் பதில் வேணுமில்ல? அப்ப உரிங்க. கண்ணெரிஞ்சா எரியட்டும். இந்தக் கதைக்கு எரியலாம், தப்பில்ல.

ராக்கியண்ணனுக்கு வாய்க்காலோரம் கொஞ்சம் கரும்புக்காடு, சொந்தமா ஒரு ஆலைக்கொட்டாய். ஆளு தங்கமான ஆளாமா. என்ன, வாய் கம்மி. ஊரே ஒரு சேதியைப் பேசிப் பேசித் தேச்சு முடிச்ச பொறவு அவரு "ம்"ம்பாரு. அதுவே அன்னிக்குப் பெரும்பேச்சு.

ஊர்ல ஒருத்தன் சேவல் வளத்துவான். ஒருத்தன் பொறா வளத்துவான். ஒருத்தன் சீட்டைத் தூக்கிட்டுப் போயிருவான். இவருக்கும் ஒரு பைத்தியம் இருந்துதாமா. சக்கரை காச்சி முடிஞ்சு கொப்பரை அடியில கழிவுப் பாகு நிக்குமே, கன்னுக்குட்டிக்கு ஊத்தறது, அதை வழிச்சுப் பானையில போட்டுத் தண்ணி விட்டு, வேலம்பட்டையைத் தட்டிப் போட்டு, எருக்குழியில பொதைச்சுருவாராமா. எருச்சூட்டுல அது பொங்கும். வெடியால எந்திரிச்சதும் மொத வேலை, எருக்குழியில மண்டி போட்டுப் பானை மேல காதை வெக்கறது. உள்ளார கொணகொணன்னு பேசுமாமா. பேசி ஓஞ்சு வாயை மூடுனாத்தான் பானையை எடுக்கோணும், அது கணக்கு.

அவரு பொண்டாட்டி பேரு பாவாயி. அவ கேப்பாளாமா: "ஏனுங்க, என்ர பேச்சுக்கு ஒரு நா இப்பிடிக் காது குடுத்திருக்கறீங்களா? பானை பேசுனா மட்டும் மண்டி போடறீங்க." அவரு சிரிச்சுக்குவாரு. அவ்வளவுதான் பதில். அவளுக்கும் அந்தச் சிரிப்பு போதும்.

பொறவு அதை அடுப்புல ஏத்தி, பானை மேல பானை வெச்சு, சந்துல துணியும் சேறும் பூசி, மூங்கக் கொழாய் வழியாச் சொட்டுச் சொட்டா எறக்குவாராமா. எறக்குனதை ஜாடியில விட்டு, சுட்ட புளியங்கட்டை ஒண்ணை உள்ளார போட்டு, ஒரு வேசகாலம், வெயில் மாசம் பூரா, மூடி வெச்சாருன்னா நெறம் திரும்பிரும். பட்டாளத்துக்காரங்க லீவுக்கு வர்றப்ப கொண்டாருவாங்களே ரம்மு, அந்த நெறமாமா. மோந்தாப் புதுச்சக்கரை வாசம். விக்கறதா? சிவ சிவா! ஒரு சொட்டு வித்ததில்ல. விருந்து ஒறம்பரை வந்தாக் கொழந்தைக்குப் பால் ஊத்தற சங்கு இருக்குதே, அந்தச் சங்குல அளந்து குடுப்பாராமா. குடிச்சவன் மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. அவன் கண்ணை மூடித் தலையை ஆட்டுனான்னா இவருக்கு வவுறு நெறைஞ்சிரும். கொழந்தை இல்லாத ஊட்டுல சங்குக்கு வேற என்ன வேலை, சொல்லுங்க.

ஆமாங்க, கொழந்தை இல்ல. அதுதான் பாவாயிக்குப் பெருங்கொறை. ஊர் வாய் சும்மா இருக்குமா? சீருக்குப் போனாத் தட்டத்தைத் தொட உட மாட்டாங்க. வளைகாப்புக்குக் கூப்படவே மாட்டாங்க. அவளுக்கு ஒலகத்துல இருந்தது ரெண்டே சீவன். ஒண்ணு புருசன். இன்னொண்ணு தம்பி மாரப்பன். ஆத்தா அவனைப் பெத்துப் போட்டுக் கண்ணை மூடிட்டா. பாவாயிதான் அவனை இடுப்புல சொமந்து வளத்துனவ. ஆத்தா ஊட்டுச் சொத்துன்னு அவகிட்ட இருந்தது ஒரு பித்தளைச் செம்பு. விளிம்புல ஒரு பக்கம் நசுங்கி, உதட்டை இடிக்கும். அந்தச் செம்புலதான் மாரப்பனுக்குப் பாலு, கஞ்சி, எல்லாம். அந்த மாரப்பன் வளந்து முனியப்பன் கோயலுக்குப் பூசாரி ஆயிட்டான். பக்கத்து ஊர்ல பொண்ணு பாத்து முடிவு பண்ணி, வைகாசியில கண்ணாலம்னு இருந்துது.

இப்பச் சேதிக்கு வாறேன். ராக்கியண்ணன் எறக்கறப்பக் கொழாயில மொத வர்ற தண்ணி இருக்குதே, அதை ஜாடியில விட மாட்டாராமா. ஒரு கொட்டாங்குச்சியில புடிச்சு, கொண்டுபோயிக் கோயலோரத்து ஊஞ்ச மரத்துக்கு அந்தப் பக்கம் மண்ணுல ஊத்திருவாரு. ஊத்துன எடத்துல புல்லு மொளைக்காது. பாவாயி ஒருக்காக் கேட்டாளாமா.

"ஏனுங்க அதைக் கொட்டறீங்க?"

"அது ஆகாது."

"ஏன் ஆகாது?"

"ஆகாதுன்னா ஆகாது புள்ள."

முடிஞ்சுது பேச்சு. இன்னும் நாலு வார்த்தை அந்த மனுசன் சேத்திப் பேசியிருந்தாருன்னா இன்னிக்கு இந்தக் கதை இல்ல. என்ன பண்றது, அவரு வாய் அப்பிடி.

அந்தக் காலத்துல இந்த ஊர்ல எதுவா இருந்தாலும் மொதல் முனியப்பனுக்குத்தான். மொதக் கரும்புப்பால் முனியப்பனுக்கு. மொதச் சக்கரை முனியப்பனுக்கு. மாடு ஈனுனா மொதக் கறவை முனியப்பனுக்கு. எல்லா ஊர்லயும் அப்பிடித்தானே? அப்பப் பக்கத்தூட்டு அங்காத்தா ஒரு நா வந்து கொளுத்திப் போட்டுட்டா.

"ஏண்டி பாவாயி, ஊரே மொதலைச் சாமிக்குக் குடுக்குது, உன்ர புருசன் மண்ணுல கொட்டறான். சாமி பங்கைக் கொட்டறவன் ஊட்டுல தொட்டலு எப்பிடியாடும்?"

அவ சொல்லிப்போட்டுப் போயிட்டா. பாவாயிக்கு அது முள்ளாட்டத் தெச்சுக்கிச்சு. உக்காந்தா அதே நெனப்பு, எந்திரிச்சா அதே நெனப்பு. ஐயோ, இத்தனை வருசமாச் சாமி பங்கைக் கொட்டியிருக்கறமே, அதுதான் வவுறு தெறக்கலியோன்னு. புருசங்கிட்டச் சொல்லலாம்னா, "ஆகாது"ம்பாரு. அந்த ஒத்தை வார்த்தையை வாங்கறதுக்கு எதுக்குப் போய் நிக்கோணும்?

அந்த வருசம் பாத்து ராக்கியண்ணன் கையில கொதிக்கற பாகு தெறிச்சு வெந்துபோச்சாமா. துணி சுத்திட்டு அடுப்புக்கிட்ட உக்காந்துதான் பாக்க முடியும், ஓடியாட முடியாது. "பாவாயி, இதைக் கொண்டுபோயி மண்ணுல ஊத்திட்டு வா"ன்னு கொட்டாங்குச்சியை அவ கையில குடுத்தாரு. அவ ஊஞ்ச மரம் வரைக்கும் போனா. கையைச் சாச்சா. கை சாயலியாமா. முனியப்பா, இது உம்பங்குய்யா, இத்தனை நாள் தெரியாமக் கொட்டிட்டம், இனிமே உனக்குத்தான்னு சொல்லி, மடியில மறைச்சுக் கொண்டுபோயி ஆத்தா செம்புல ஊத்தி மூடி வெச்சுட்டா.

"ஊத்திட்டயா?"

"ஊத்திட்டனுங்க."

புருசங்கிட்ட அவ சொன்ன மொதப் பொய் அது. அந்தப் பருவத்துல எறக்குன ஒவ்வொரு பானைக்கும் அதே கேள்வி, அதே பதில். செம்பு ரொம்பிருச்சு.

பங்குனியில முனியப்பன் நோம்பி வந்துது. கெடாய் வெட்டு, சுருட்டு, சாராயம், எல்லாம் உண்டு. அன்னிக்கு வேண்டுதல் வெக்கறதுக்குன்னு ஒரு மொறை இருந்துது, கேட்டுக்கங்க, இதுதான் முக்கியம். வேண்டுதல் வெக்கறவிய ஆருன்னு தெரியக் கூடாது. வாழையெலை போட்டு மூடி முனியப்பன் கல்லு முன்னால வெச்சுப்போட்டு, வாயைத் தெறக்காமத் திரும்பி வந்தரோணும். பேரைச் சொன்னா வேண்டுதல் பலிக்காதுன்னு நெனப்பு. பூசாரி வந்து எலையை எடுத்து, சாமிக்குப் பதிலாத் தான் வாயை வெச்சு, மீதி வெக்காமக் குடிக்கோணும். மீதி வெச்சாச் சாமி ஏத்துக்கலீன்னு அர்த்தம்.

பாவாயி கல்லுக்கிட்ட ஆளில்லாத உச்சிப் பொழுதுல கொண்டுபோயிச் செம்பை வெச்சுட்டுப் பொம்பளைங்க பக்கம் வந்து நின்னுக்கிட்டா. மாரப்பன் வந்தான், எலையை எடுத்தான், செம்பைத் தூக்கி வாயில வெச்சான். வெச்சவன் சித்த நின்னானாமா. பொம்பளைங்க பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தான். பொறவு கண்ணை மூடி மடமடன்னு ஒரு சொட்டு மீதியில்லாமக் குடிச்சுப்போட்டான். ஒடம்பு குலுங்கி, "தொட்டலாடும் போ!"ன்னு அருள் சொன்னானாமா. பாவாயிக்குச் சந்தோசத்துல காலு தரையில நிக்கல. மத்தவியல்லாம் ராக்கியண்ணன் குடுத்த ஜாடிச் சரக்கைச் சங்குச் சங்கா வாங்கிக் குடிச்சாங்க, ஆருக்கும் ஒண்ணும் ஆகல.

மக்கா நாளு மாரப்பன் எந்திரிக்கல. வாந்தி, தலைவலி. சாமி எறங்குன அசதின்னு உட்டுட்டாங்க. அதுக்கடுத்த நாளு வெடியால, பாவாயி கஞ்சியோட போனா. நல்லாப் பொழுது ஏறி வெயில் அடிக்குது. தம்பி வாசல்ல கட்டல்ல உக்காந்திருக்கறான்.

"அக்கா, வந்துட்டயா? ஏனக்கா இன்னிக்கு இப்பிடிப் பனி பேயுது?"

"என்னடா பேசறே? பங்குனி மாசத்துல பனியாடா?"

"எதும் தெரிய மாட்டேங்குதே அக்கா. வெள்ளையா மூடிக்கிட்டு நிக்குது."

கஞ்சிக் கலயம் கைதவறிக் கீழ போச்சாமா.

பாக்காத வைத்தியம் இல்ல. பச்சிலை புழிஞ்சாங்க. புள்ளை பெத்தவ ஒருத்தியைக் கூட்டியாந்து கண்ணுல தாய்ப்பால் பீச்சுனாங்க. என்னத்தைப் பீச்சி என்ன, போன பார்வை போனதுதான். பொண்ணு ஊட்டுக்காரங்க காதுக்குச் சேதி போச்சு. அவிய வந்து ஒரு வார்த்தை சொல்லல, வைகாசிக் கண்ணாலம் நின்னுபோச்சு.

ராக்கியண்ணன் இருந்தாரே, அவரு ஆருகிட்டயும் கேக்காமக் கோயலுக்குப் போனாராமா. கல்லுக்கிட்டக் கெடந்த செம்பை எடுத்து மோந்து பாத்தாரு. மோந்ததும் அங்கயே உக்காந்துட்டாராமா. செம்பைத் துண்டுல சுத்தி ஊட்டுக்குக் கொண்டாந்து பாவாயி கையில குடுத்தாரு.

"கழுவி வெய்யி."

அவ்வளவுதான் சொன்னாரு. பாவாயி அவரு மொகத்தைப் பாத்தா. "அது என்ன தண்ணிங்க?"

"கண்ணைக் கெடுக்கற தண்ணி."

"ஆகாதுன்னுதானுங்க சொன்னீங்க. ஏன் ஆகாதுன்னு கேட்டனே. கேட்டனுங்களே! இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வலிச்சுதா?"

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவ மாருல மாருல அடிச்சுக்கிட்டு அழுகறா, சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு சீலையை வாயில அடைச்சுட்டு அழுகறா. அவரு வெந்த கையால அவ தலையைத் தொட்டுட்டு நின்னாராமா.

ஊர் கூடுச்சு. ஊஞ்ச மரத்தடி. பெரியதனக்காரரு எந்திரிச்சுக் கேட்டாரு: "ஜாடிச் சரக்கு குடிச்சவனுக்கு ஒண்ணும் ஆகல. பூசாரி தனியாக் குடிச்சது ஒண்ணுதான். அதை ஆரு வெச்சது? மாரப்பா, உனக்குத் தெரியுமா?"

"கல்லு முன்னால இருந்துது, எடுத்துக் குடிச்சனுங்க. ஆரு வெச்சதுன்னு தெரியாதுங்க"ன்னான் மாரப்பன்.

பாவாயி கூட்டத்துல முன்னால நவுந்தா. அவளுக்கு முந்தி ராக்கியண்ணன் எந்திரிச்சுட்டாரு. வாயே தெறக்காத மனுசன் அன்னிக்குப் பாத்துத்தான் தெறந்தாரு.

"நாந்தான் வெச்சேன்."

"தெரிஞ்சு வெச்சியா, தெரியாம வெச்சியா?"

என்ன சொல்வாரு? தெரியாம வெச்சேன்னு சொன்னா நம்பற ஊரா இது? கண்ணைக் கெடுக்கற தண்ணி அதுன்னு ஊர்லயே தெரிஞ்ச ஒரே ஆளு அவருதானே. பேசாம நின்னாரு. பேசாம நின்னா ஊரு என்ன நெனைக்கும்? மச்சானைக் குருடாக்கறதுக்குன்னே வெச்சான்னு நெனைச்சுது. சொத்துக்குன்னு ஒருத்தன் சொன்னான், பொறாமைக்குன்னு ஒருத்தன் சொன்னான். "பொழுது சாயறதுக்குள்ள ஊர் எல்லையைத் தாண்டிரு. இனி இந்த மண்ணுல உங்காலு படக் கூடாது. உம்பேரும் இந்த ஊர்ல கேக்கக் கூடாது"ன்னு தீர்ப்பு.

பாவாயி அவரு பின்னாலயே இட்டாரித் தடத்துல ஓடுனா. "நான் போயிச் சொல்றனுங்க, நாந்தான்னு சொல்றனுங்க."

"சொன்னா உன்னய ஊரை உட்டுத் தாட்டிருவாங்க. கண்ணில்லாதவனுக்கு ஆரு சோறு போடுவா? உனக்கு அவன், அவனுக்கு நீ. எனக்கு எங்கயாச்சும் ஒரு ஆலைக்கொட்டாய் கெடைக்கும்."

"அப்ப எப்பங்க வருவீங்க?"

"மாரப்பன் என்னைக் கூப்புட்டா வர்றேன். அவன் வாயால வா மாமான்னு சொல்லட்டும். அன்னிக்கு வர்றேன்."

தோள்ல ஒரு துண்டு. அதுதான் அவரு எடுத்துட்டுப் போன சொத்து. எட்டிப் போயி ஒருக்காத் திரும்பிப் பாத்தாருன்னு ஒரு பேச்சு. பாக்கலீன்னு ஒரு பேச்சு. பாவாயிக்குத்தான் தெரியும்.

இப்பக் கேளுங்க கொடுமையை. சித்திரை போயி வைகாசி பொறக்கறப்பப் பாவாயிக்குச் சோறு எறங்கல. மருத்துவச்சி வந்து வவுத்தைத் தொட்டுப் பாத்தா. பாத்துப்போட்டுச் சிரிச்சா. "அடி கிறுக்கி, உண்டாகி இருக்கறே. அதும் இது நோம்பிக்கு முந்தியே தங்குன கருவு. உனக்கே தெரியலியா?"

நோம்பிக்கு முந்தியே! புரியுதுங்களா மாப்ளே? அவ செம்பைத் தூக்கிட்டுக் கோயலுக்குப் போனப்பவே, கேக்கப் போன வரம் அவ வவுத்துல இருந்துச்சு. இருக்கறதைக் கேக்கறதுக்குத் தம்பி கண்ணைக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தா. பாவாயி அன்னிக்குச் செவத்தைப் பாத்து உக்காந்தவ பொழுது எறங்கித்தான் எந்திரிச்சாளாமா.

ஆம்பளைப் புள்ளை பொறந்துது. மாரப்பன் தடவித் தடவி வந்து மடியில வாங்கிக்கிட்டான். மொகமெல்லாம் வெரல்ல தடவுறான்.

"ஆரு சாயல் அக்கா?"

"உன்ர சாயல்தாண்டா."

"கண்ணு?"

"கண்ணும் அப்பிடியே உன்ர கண்ணுதான்"னாளாமா பாவாயி.

அவன் சந்தோசமாச் சிரிச்சான். அவ எந்திரிச்சுப் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்கு ஓடிப்போயிக் கல்லுல தலையை முட்டிக்கிட்டா. எத்தனை தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்துதோ. நாந்தாண்டா வெச்சேன்னு சொன்னா, பொறவு எந்த மொகத்தோட தம்பி முன்னால நிக்கறது? அந்த நெனப்பு வந்ததும் வாயை மூடிக்குவா. புருசன் சொல்லிப் போன சொல்லையும், நீ கூப்புட்டா வருவாருடாங்கறதையும், மாரப்பங்கிட்ட அவ சொல்லவே இல்ல. அதைச் சொன்னா இதைச் சொல்லோணும், இதைச் சொல்லப் பயம். ஊமைப் புருசனுக்கு வாழ்க்கைப்பட்டு இவளும் ஊமை ஆயிட்டா.

புள்ளைக்கு முடி எறக்கற நாள் வந்துது. அதே முனியப்பன் கோயலு. மாரப்பன்தான் அப்பவும் பூசாரி, கண்ணில்லாட்டியும் மந்திரம் மறக்குமா? முடி எறக்கறப்பப் புள்ளையோட அப்பன் பேரை ஊரறியச் சொல்லோணும், மொறை அது. நாவிதரு கத்தியைக் கையில வெச்சுட்டுக் கேட்டாரு, "ஆரு மகனுங்க?"

பெரியதனக்காரரு குறுக்க உழுந்தாரு. "அந்தப் பாவி பேரு இங்க வேண்டாம். அப்பன் பேரு இல்லாத புள்ளைன்னு வெச்சு எறக்குங்க."

அப்பன் பேரு இல்லாத புள்ளை! பெத்தவ காதுல கேக்கற பேச்சா இது? பாவாயிக்கு அத்தனை நாளா அடைச்சு வெச்ச மடை ஒடைஞ்சுபோச்சு. புள்ளையை அங்காத்தா கையில திணிச்சா. படையலுக்கு வெச்சிருந்த மொதக் கரும்புப்பால் செம்பைத் தூக்குனா. அதே செம்புதான், ஆத்தா செம்பு. சாமிக்கு வெக்க இருந்ததைக் கொண்டாந்து ஊஞ்ச மரத்துக்குக் கீழ கெடந்த கல்லுல, ஊரே பாக்க, அப்பிடியே கவுத்துட்டா.

"பாத்துக்கங்க! அன்னிக்கு என்ர புருசன் இப்பிடித்தான் மண்ணுல ஊத்தச் சொன்னாரு. ஊத்தாமச் சாமிக்குக் கொண்டாந்து வெச்சவ நானு. பாவாயி. ராக்கியண்ணன் இல்ல! கேட்டுக்கங்க, வெச்சது நானு, பாவாயி, ராக்கியண்ணன் இல்ல!"

பெரியதனக்காரரு வாயி தெறந்தது தெறந்தபடி நின்னுதாமா. பாவாயி தம்பி காலடியில போயி உழுந்தா.

"என்னயக் கொன்னு போடுடா."

மாரப்பன் குனிஞ்சு தடவித் தடவி அவ மொகத்தைப் புடிச்சான்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமக்கா."

"என்ன தெரியும்?"

"செம்பு. வாயில வெச்சதும் நசுங்குன எடம் உதட்டுல பட்டுது. ஆத்தா செம்பு, அக்கா வேண்டுதல்னு தெரிஞ்சுதான் மீதி வெக்காமக் குடிச்சேன். காட்டமாத்தான் இருந்துது. மீதி வெச்சா உனக்குப் புள்ளை இல்லாமப் போயிருமேன்னு குடிச்சேன்."

"அட பாவி! தெரிஞ்சா மாமனை அனுப்புனே? ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"மாமன் தானா முன்ன வந்து நின்னாரு. இல்லீன்னு நான் சொன்னா, பின்ன ஆருன்னு கேப்பாங்க. உன்னய அனுப்பிட்டு இந்தக் குருடன் என்ன பண்ணுவேன்? பயந்துட்டனக்கா. நாலு நாள் கழிஞ்சா மாமனே வந்துருவாருன்னு நெனச்சேன். ஏனோ வரவே இல்ல."

"நீ கூப்புட்டா வர்றேன்னு சொல்லிட்டுப் போனாருடா. மாரப்பன் வாயால வா மாமான்னு சொன்னா வர்றேன்னாரு."

மாரப்பன் கை அப்பிடியே நின்னுபோச்சு. "எங்கிட்ட ஆரும் சொல்லலியேக்கா"ன்னான். "ஆரும் சொல்லலியே"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னானாமா.

ஒருத்தரை ஒருத்தரு காப்பாத்தறமுன்னு மூணு பேரும் வாயை மூடுனாங்க பாருங்க, அதுல ஒருத்தரும் பொழைக்கல. எனக்கு இந்த எடம் வந்தா மூணு பேரையும் நிக்க வெச்சு நாலு அறை விடோணும்னு இருக்குது.

ஊரு தீர்ப்பைத் திருப்பிக்கிச்சு. பாவாயியை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, சொல்ல ஆருக்கு மொகம் இருந்துது? மாரப்பன் மக்கா நாளே வண்டி கட்டச் சொல்லிட்டான். எங்கெங்க கரும்பு ஆட்டறாங்களோ அங்கெல்லாம் போவானாமா. கண்ணு தெரியாதில்ல, தேட முடியாதில்ல. ஒவ்வொரு ஆலைக்கொட்டாய் வாசல்லயும் எறங்கி நின்னு, "மாமோவ்! மாரப்பன் கூப்படறேன்! வாங்க மாமா!"ன்னு தொண்டை கிழியக் கத்துவான். ஆலை மாடு மெரண்டு நிக்கும். கொப்பரைக்காரங்க கிறுக்கன்னு நெனச்சுச் சக்கரையைக் கையில குடுத்து அனுப்புவாங்க. மைசூர்ச் சீமைப் பக்கம் ஒரு கொட்டாயில மட்டும் சொன்னாங்களாமா: "அப்பிடி ஒருத்தரு இங்க பாகு காச்சிட்டு இருந்தாருங்க. வாயே தெறக்க மாட்டாரு. தெக்க இருந்து ஆராச்சும் வண்டி வந்தா மட்டும் வாசல்ல வந்து நிப்பாரு. மழைக்கு முந்தி எங்கயோ போயிட்டாரு." எங்கன்னு அவங்களுக்கும் தெரியல. செத்தாரா, இருந்தாரா, ஒரு சேதி இல்ல. கரும்பு ஆட்டற காலம் வந்தா மாரப்பன் வண்டி கட்டுவான். கட்டை வேகற வரைக்கும் கட்டுனான். ஒரு கொட்டாயில இருந்தும் பதில் வரல.

பாவாயி கடைசி வரைக்கும் பொட்டை அழிக்கல. அழிக்கறதுக்கும் ஒரு சேதி வரோணுமில்ல. நோம்பிக்கு நோம்பி அந்தக் கல்லுல வந்து, மொதலை மண்ணுக்கு ஊத்தி, "ஊத்தறது பாவாயி, ராக்கியண்ணன் இல்ல"ன்னு சொல்லிட்டுப் போவாளாமா. அவளைப் பாத்துப் பாத்து ஊரே அப்பிடிப் பழகிக்கிச்சு. ஊரு சொல்றப்ப அவருக்கு மரியாதையா ஒரு 'ங்க' சேந்துக்கிச்சு. அந்தப் புள்ளையோட பேத்தி நானு. எனக்கும் கண்ணு மாரப்பன் கண்ணுன்னு சொல்லுவாங்க, பாத்துக்கங்க.

அன்னியிலிருந்து எல்லா ஊர்லயும் மொதல் சாமிக்குன்னா, ஊஞ்சப்பாளையத்து முனியப்பனுக்கு மட்டும் ரெண்டாவதுதான். மொதல், அந்தக் கல்லு வழியா மண்ணுக்கு. மூடி வெக்கற வேண்டுதல் எங்கூர்ல கெடையாது. எது வெச்சாலும் வெக்கறவிய தன் பேரைத் தன் வாயால சொல்லோணும். சொல்லி முடிச்சுட்டு, ராக்கியண்ணன் இல்லீங்கன்னும் சொல்லோணும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு ஆரு என்னன்னு தெரியாது, ஆனாச் சொல்லும். கல்லுக்குப் பேருசொல்லிக் கல்லுன்னே பேராயிப்போச்சு. அதைச் சுத்தி இன்னிக்கும் புல்லு இல்ல, போறப்பப் பாருங்க.

வெங்காயத்தைக் கொண்டாங்க. அட, பாதி தொலியோட கெடக்குது, நல்லா உரிச்சீங்க போங்க. சரி, எந்திரிங்க. புது மாப்பிள்ளை, இன்னிக்கு ஊத்தறது நீங்கதான். பேரை மொணமொணன்னு சொல்லாதீங்க. இந்த ஊர்ல மொணகுனது போதும், வாயை மூடுனதும் போதும். நல்லாச் சத்தமா, மைசூர்ச் சீமைக்குக் கேக்கற மாதிரிச் சொல்லுங்க.

அவருக்குக் கேக்காதுங்க மாப்ளே. எனக்குத் தெரியாதா? கேக்காது. இருந்தாலும் சத்தமாச் சொல்லோணும்.